வோங், வீ, இங்: சீனக் குடும்பப் பெயர்களை வாசிப்பது எப்படி?

சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங், மறைந்த அதிபர் வீ கிம் வீ, முன்னாள் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் ஆகிய மூவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான். சீன எழுத்தில் எழுதினால் மூவருக்கும் ஒரே எழுத்து வரும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அதை ‘ஹுவாங்’ என்று வாசிப்பார்கள்; பொருள் மஞ்சள். ஆனால் பிரதமர் வோங்கும் ஹாங்காங் திரைப்பட இயக்குநர் வோங் கார்-வாயும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் அல்லர். இயக்குநருடையது ‘வாங்’, அரசன் என்று பொருள்படும் வேறோர் எழுத்து. இங் எங் ஹென்னும், இணையவழி இயந்திரக் கற்றல் பாடங்களால் புகழ்பெற்ற ஆண்ட்ரூ இங்கும் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி ‘என், ஜி’ என்று எழுதுகிறார்கள். ஆண்ட்ரூவின் பெயரோ ‘வூ’ என்னும் எழுத்து. அது சிங்கப்பூரின் இரண்டாம் பிரதமர் கோ சோக் டோங்கின் ‘கோ’தான்.

குழப்பமாகத் தோன்றினாலும் இதற்குள் ஒழுங்கு இருக்கிறது. சீனக் குடும்பப் பெயருக்கு நிலையானது எழுத்து. ஒலி இடத்துக்கு இடம் மாறும். ஒரே எழுத்தை பெய்ஜிங்கில் ஒருவிதமாகவும் ஹாங்காங்கில் இன்னொரு விதமாகவும் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் வேறொரு விதமாகவும் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பைக் காதால் கேட்டு யாரோ ஒருவர் ரோமன் எழுத்தில் எழுதியபோது இரண்டாவது மாற்றம் நடந்தது. ஆகவே ஒரு பெயரைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த வட்டார மொழியில் வாசிக்கப்பட்டது? எந்த நாட்டில், எந்த முறைப்படி எழுதப்பட்டது?

பெயர்கள் வந்த வழி

இன்று ஒன்றாக இருக்கும் குடும்பப் பெயர் பழங்காலத்தில் இரண்டாக இருந்தது. ஒன்று ‘ஷிங்’, குலப்பெயர். ஜோ அரச மரபின் ஜி, சி நாட்டு அரசர்களின் ஜியாங், சின் நாட்டு அரசர்களின் யிங் போன்றவை இந்த வகை. இவற்றை எழுதும் எழுத்துகள் பலவற்றில் ‘பெண்’ என்னும் உறுப்பு இருக்கிறது. ‘ஷிங்’ என்ற சொல்லை எழுதும் எழுத்தே பெண்ணும் பிறப்பும் சேர்ந்ததுதான். தாய்வழிச் சமூகம் இருந்ததற்கான தடயம் என்று இதைப் பலர் சொல்வார்கள். அது ஓர் ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது. மற்றொன்று ‘ஷி’, கிளைப்பெயர். ஆளும் நிலம், பதவி, பாட்டனின் பெயர் ஆகியவற்றிலிருந்து பிறந்தது. ஆண்களைக் கிளைப்பெயரால் அழைத்தார்கள். பெண்களுக்குக் குலப்பெயர்தான் முக்கியம், ஏனென்றால் ஒரே குலத்துக்குள் மணம் முடிக்கக் கூடாது.

கிளைப்பெயர் ஒரே ஆளின் வாழ்நாளிலேயே மாறக்கூடியது. சின் நாட்டைச் சீர்திருத்திய ஷாங் யாங் என்ற அமைச்சர் கோமகன் ஒருவரின் வழிவந்தவர் என்பதால் ‘கோங்சுன் யாங்’ ஆனார். வெய் நாட்டில் பிறந்ததால் ‘வெய் யாங்’ என்றும் அறியப்பட்டார். ஷாங் என்ற நிலத்தைப் பரிசாகப் பெற்ற பிறகு ‘ஷாங் யாங்’ ஆனார். கி.மு. 221இல் சின் பேரரசு சிற்றரசுகளையெல்லாம் விழுங்கியதும் பழைய பிரபுத்துவம் சரிந்தது. குலப்பெயருக்கும் கிளைப்பெயருக்கும் இருந்த வேறுபாடும் அதோடு கரைந்தது. அடுத்து வந்த ஹான் பேரரசின் காலத்தில் இரண்டும் ஒன்றாகி, தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும் நிலையான பெயராயிற்று.

இன்றைய பெயர்களில் பெரும்பங்கு பழைய நாடுகளின் பெயர்கள். சென், வூ, சோங், ஜெங், ஜாவ், ட்சாய், ஷு எல்லாம் ஒருகாலத்தில் வரைபடத்தில் இருந்த அரசுகள். பதவியிலிருந்து வந்தவையும் உண்டு: ‘சிமா’ குதிரைப் படைக்குப் பொறுப்பானவர். ‘தாவ்’ குயவர், ‘பூ’ குறி சொல்பவர் என்று தொழிலைச் சொல்பவை சில. ‘ஷிமென்’ மேற்கு வாசல், இருந்த இடத்தைச் சொல்கிறது. ‘ஓயாங்’ என்பது ஓயூ மலையின் தென்சரிவு. கன்பூசியஸின் ‘கோங்’ அவருடைய முன்னோர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. சிமா, ஓயாங், ஷிமென் போன்ற இரட்டை எழுத்துப் பெயர்கள் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று சொல்லுமளவுக்கு ஓரெழுத்துப் பெயர்களே எங்கும் இருக்கும்.

எழுத்து ஒன்றாக இருப்பதால் இரத்த உறவு ஒன்றென்று ஆகிவிடாது. வடக்கு வெய் அரசை ஆண்டவர்கள் ஷியன்பெய் என்னும் புல்வெளி மக்கள். பேரரசர் ஷியாவ்வென் கி.பி. 496இல் தம் மக்களின் பல அசைகள் கொண்ட பெயர்களைச் சீனப் பெயர்களாக மாற்ற ஆணையிட்டார். அரசகுலமான துவோபா ‘யுவான்’ ஆனது, துகு ‘லியூ’ ஆனது. பேரரசர் பரிசாகக் கொடுத்த பெயர்களும் உண்டு. கடலோடி ஜெங் ஹ யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் ‘மா’ என்ற பெயரோடு பிறந்தவர். 1404இல் யோங்லே பேரரசர் அவருக்கு ‘ஜெங்’ என்ற பெயரை வழங்கினார். இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறித்த, 1409ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டு இவருடைய கடற்பயணத்தோடு வந்தது. அதன் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கான காணிக்கைகளைச் சொல்கிறது.

இத்தனை ஊற்றுகள் இருந்தும் இன்று சீனாவில் புழங்கும் பெயர்கள் ஏறக்குறைய ஆறாயிரம்தான். வாங், லீ, ஜாங், லியூ, சென் ஆகிய ஐந்து மட்டுமே மக்கள்தொகையில் சுமார் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. வாங், லீ ஒவ்வொன்றும் பத்துக் கோடியைத் தாண்டும். குடும்பப் பெயரை மட்டும் வைத்துச் சீனாவில் ஓர் ஆளைத் தேட முடியாததற்கு இதுவே காரணம்.

சென் எப்படி டான் ஆகிறது?

ரோமன் எழுத்துக்கூட்டலில் தடுமாறுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு பெயரை. மாண்டரினில் சென். தென்சீன மொழிகளில் பார்த்தால் கண்டனீஸில் சான், ஹக்காவில் சின், ஹோக்கியனிலும் தியோச்சூவிலும் டான். வியட்நாமில் த்ரன். சிங்கப்பூரில் மிக அதிகமான சீனக் குடும்பப் பெயர் இந்த டான்.

டான் என்பது சென்னின் திரிபு என்று நினைத்தால் அது தலைகீழ். பழைய உச்சரிப்புக்கு நெருங்கியது டான்தான். கி.மு. 672இல் சென் நாட்டு இளவரசர் ஒருவர் சி நாட்டுக்குத் தப்பி ஓடினார். அவருடைய வழித்தோன்றல்கள் வரலாற்றில் ‘தியன்’ என்ற பெயரில் வருகிறார்கள், கி.மு. 386இல் சி நாட்டின் ஆட்சியே அவர்கள் கைக்கு வந்தது. சென் எப்படித் தியன் ஆனது? அந்தக் காலத்தில் இரண்டு எழுத்துகளும் ஏறத்தாழ ஒரே ஒலியில், பல்லண்ண ஒலியோடு தொடங்கின. பிறகு வடக்கில் ஒன்றின் தொடக்கம் ‘ச’வாக மாறிவிட்டது. ஃபூஜியனின் மின் மொழிகள் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டதால் ‘ட’வைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஹோக்கியனும் தியோச்சூவும் அந்த மின் குடும்பத்தவை. தேயிலைக்கு மின் மொழிகளில் ‘தே’, மற்ற இடங்களில் ‘சா’ என்று இரண்டு பெயர் இருப்பதும் இதே ஒலி மாற்றத்தால்தான்.

இதே வாய்பாட்டில் மாண்டரினின் ஜாங் மின் மொழிகளில் தியோ ஆகிறது. ஜெங் ‘டே’ ஆகிறது. திரைப்பட இயக்குநர் ஜாங் யிமோ, ஹாங்காங் நடிகை மேகி சியுங், சிங்கப்பூரின் முன்னாள் துணைப் பிரதமர் தியோ சீ ஹியன் மூவரும் ஒரே எழுத்துக்காரர்கள். விதியை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது. ‘ஜோ’வும் அதே ‘ஜ’வில் தொடங்குகிறது, ஆனால் ஹோக்கியனில் அது ‘ச்சியூ’, ஏனென்றால் அதன் பழைய தொடக்க ஒலியே வேறு.

அடுத்த விதி சொல்லின் கடைசியில் இருக்கிறது. மாண்டரின் பழைய ‘ம்’ ஈற்றை இழந்து ‘ன்’ ஆக்கிவிட்டது. தெற்கு மொழிகளில் ‘ம்’ நிலைத்திருக்கிறது. லின் கண்டனீஸில் லாம், ஹோக்கியனில் லிம். ஷென் ஹோக்கியனில் சிம். இதைப் போலவே மாண்டரின் தொலைத்த ப், ட், க் ஈறுகளும் தெற்கில் உண்டு: யே அங்கே யிப் அல்லது யாப், குவோ அங்கே குவோக் அல்லது குவெக். ஆகவே ‘ம்’, ‘ப்’, ‘க்’ என்று முடியும் பெயரைக் கண்டால் அது மாண்டரின் அன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இங் என்ற பெயர் ஆங்கிலேயர்களை அலைக்கழித்தது, உயிரெழுத்தே இல்லாமல் இரண்டு மெய் மட்டும் நிற்கிறதே என்று. தமிழருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ‘ங்’ என்ற ஒலியை மூக்கால் தனியாகச் சொன்னால் போதும். சிங்கப்பூர்த் தமிழ் நாளேடு ‘இங்’ என்று ஓர் உயிரைச் சேர்த்து எழுதுகிறது. கண்டனீஸ்காரர் இங் என்றால் அநேகமாக வூ. தியோச்சூக்காரர் இங் என்றால் ஹுவாங். தொடக்கத்தில் கண்ட புதிருக்கு விடை இதுதான்.

எழுதியவர் யார்?

பிரிட்டிஷ் மலாயாவில் பெயரைப் பதிந்த எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கில வழக்கில் எழுதினார். எந்த விதிநூலும் இல்லை. அதனால் அண்ணன் தம்பிகளின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுத்துக்கூட்டல் மாறியிருப்பதுண்டு. ஆனாலும் ஊர்ப் பழக்கம் என்று ஒன்று உருவாயிற்று. பினாங்கில் கடைசியில் ஓர் ‘எச்’ சேர்ப்பார்கள்: சிங்கப்பூரில் தியோ, யியோ என்று முடிவது அங்கே எச் சேர்ந்து வரும். நடிகை மிஷெல் யியோவின் பெயரில் இருக்கும் எச் அந்த வகை. அவர் பெயர் ‘யாங்’ என்னும் எழுத்து, இயற்பியலாளர் யாங் சென்-நிங்கின் அதே பெயர். ஹுவாங்குக்குப் பினாங்கில் ‘ஊய்’ என்ற எழுத்துக்கூட்டல் அதிகம். கண்டனீஸ் பெயர்களில் ஹாங்காங் ‘இ, யு, என், ஜி’ என்று முடிப்பதை மலேசியா ‘இ, ஓ, என், ஜி’ என்று முடிக்கும். ஒரே பெயர் அங்கே லியுங், இங்கே லியோங்.

தைவான் பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு அடித்தளம் வேட்-ஜைல்ஸ் என்னும் ரோமன் எழுத்துமுறை. தாமஸ் வேட் 1867இல் வெளியிட்ட மொழிப் பாடநூலில் தொடங்கியது. ஹெர்பர்ட் ஜைல்ஸின் 1892 அகராதி அதை நிலைநிறுத்தியது. இந்த முறையில் மூச்சு கலந்த ஒலிக்கு எழுத்தின் பக்கத்தில் ஒரு காற்புள்ளிக் குறி போட வேண்டும். அந்தக் குறியை அச்சகங்களும் அலுவலகங்களும் விட்டுவிட்டன. விளைவு, ஜாங், சாங் என்ற இரண்டு வேறு பெயர்களும் ‘சி, எச், ஏ, என், ஜி’யாகிவிட்டன. சீனாவின் இன்றைய ரோமன் எழுத்துமுறையான பின்யினில் ஜு, சு, ஜ்யூ, ச்யூ என நான்காக இருப்பவை குறிகள் போனால் ‘சி, எச், யு’ என்ற ஒற்றைக் குவியலாகிவிடும். தைவான் பெயரை அடையாளம் காண எளிய வழி: ‘எச், எஸ்’ என்று தொடங்கினால் அது வேட்-ஜைல்ஸ். பின்யினில் அந்த இடத்தில் ‘எக்ஸ்’ வரும்.

பின்யினைச் சீனா 1958 பிப்ரவரி 11 அன்று ஏற்றது. ஜோ யோகுவாங் அதை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர். 1982இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. சீன மக்கள் குடியரசின் கடவுச்சீட்டில் ரோமன் எழுத்தில் வருவது பின்யின்தான். தமிழர்கள் இதை ஆங்கிலம் போல வாசித்து ஏமாறும் இடங்கள் சில உண்டு. பின்யின் ‘சி’ எழுத்து க அன்று, மூச்சு கலந்த ‘ட்ஸ’. ஆகவே ‘சி, ஏ, ஐ’ என்ற பெயர் காய் இல்லை, ட்சாய். ‘க்யூ’ எழுத்து ‘ச்சி’ போல. ‘எக்ஸ்’ ஷவுக்கும் ஸவுக்கும் நடுவில். ‘பி’, ‘டி’, ‘ஜி’ என்ற எழுத்துகளை ஆங்கிலேயர் குரல் எழுப்பி வாசிப்பார்கள், ஆனால் அவை ‘பல்’, ‘தலை’, ‘கல்’ என்பவற்றின் முதலொலிகளுக்குப் பக்கத்தில் இருப்பவை. இதில் தமிழ் நாக்குக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு.

சிங்கப்பூரில் மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979இல் தொடங்கிய பிறகு பின்யின் பெயர்கள் பரவின. பெரும்பாலான பெற்றோர் குடும்பப் பெயரை டான், லிம் என்று பழையபடி வைத்துக்கொண்டு, பிள்ளையின் சொந்தப் பெயரை மட்டும் பின்யினில் எழுதினார்கள். ஊர்ப் பெயர்களிலும் இது நடந்தது. தொழிலதிபர் லிம் நீ சூனின் பெயரைக் கொண்ட நீ சூன் பகுதி, அதே எழுத்துகளின் பின்யின் வாசிப்பில் யீஷுன் ஆயிற்று. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது, அந்த ஹோக்கியன் பெயரின் எழுத்துகளைப் பின்யினில் வாசித்து ஜுஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் தேக்கா தேக்காவாகவே இருந்தது. 2000இல் அதிகாரபூர்வப் பெயரும் பழையதற்கே திரும்பியது.

இந்தோனேசியாவில் டச்சு எழுத்துமுறை. ‘டி, ஜே’ சேர்ந்தால் ச. ‘ஓ, இ’ சேர்ந்தால் உ. எனவே ட்சாய் அங்கே ‘டி, ஜே, ஓ, ஏ’ என்று சோவா ஆகும். 1966இன் அமைச்சரவை முடிவுக்குப் பிறகு பலர் இந்தோனேசியப் பெயர் சூடினார்கள், சிலர் பழைய பெயரை உள்ளே ஒளித்து வைத்தார்கள். தொழிலதிபர் லிம் சியூ லியோங் ‘சுடோனோ சலிம்’ ஆனார், லிம் அப்படியே இருக்கிறது. தாய்லாந்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்துவமான புதுப்பெயர் எடுக்க வேண்டியிருந்ததால் சீன எழுத்து வெளியே தெரிவதே இல்லை. ஷினவத்ரா குடும்பத்தின் பழைய பெயர் ‘கூ’.

எங்கே தவறுவோம்

ஒரு முறையில் எழுதிய பெயரை இன்னொரு முறையில் வாசிப்பதுதான் மிகுதியான தவறு. சிங்கப்பூர் ‘டி, ஏ, என்’ சென் ஆகும். அதே மூன்று எழுத்துகளைச் சீனக் கடவுச்சீட்டில் கண்டால் அது ‘தான்’ என்ற வேறு பெயர், கண்டனீஸில் தாம். பின்யினில் ஒரே மாதிரி எழுதப்படும் ஷு என்பதில் குறைந்தது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வேறுபடுத்துவது குரலின் ஏற்ற இறக்கம். ஒன்று ஹோக்கியனில் கோ, கண்டனீஸில் ஹுய். மற்றது கண்டனீஸில் சுய். மூன்றாம் வகை சிக்கல் கணினியோடு வந்தது. ‘எல், யு’ என்று எழுதி ‘யு’வின் மேலே இரு புள்ளி வைக்கும் பெயருக்குத் தட்டச்சில் இடமில்லாததால் கடவுச்சீட்டில் நெடுநாள் ‘எல், வி’ என்று அச்சிட்டார்கள். பிறகு ‘எல், ஒய், யு’ என்று மாற்றினார்கள். பழைய பட்டச் சான்றிதழும் புதிய கடவுச்சீட்டும் பொருந்தாமல் விசா அலுவலகத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயர்க்காரர்கள்தாம்.

பெயர் வரிசையில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு வந்த சீன அதிபரைத் தமிழ் நாளிதழ்கள் ‘ஜின்பிங்’ என்று சுருக்கி எழுதின. குடும்பப் பெயர் ஷி. ‘அதிபர் ஷி’ என்பதே சரி. நம் ஊரில் முன்னெழுத்து தந்தையுடையது, பெயர் நம்முடையது என்பதால் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இயல்பு. சீனாவில் சொந்தப் பெயரின் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார்கள். ஹாங்காங்கிலும் தைவானிலும் நடுவில் சிறுகோடு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்றும் தனித்தனி. டான் வெய் மிங் என்பவரை ‘திரு மிங்’ என்று அழைப்பது தவறு. கிறிஸ்தவப் பெயர் இருந்தால் அது முன்னால் வந்து, குடும்பப் பெயர் நடுவில் போய்விடும்: லாரன்ஸ் வோங் ஷ்யுன் ட்சாய். உடன்பிறந்தவர்கள் சொந்தப் பெயரில் ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வதும் உண்டு. லீ சியன் லூங், லீ சியன் யாங் இருவருக்கும் பொதுவான ‘சியன்’ அந்தத் தலைமுறை எழுத்து.

பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தம் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. ஹாங்காங்கில் கணவர் பெயரை முன்னால் ஒட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதன் முன்னாள் தலைமை நிர்வாகி கேரி லாம் செங் யுவெட்-ங்ஓர் பெயரில் லாம் கணவருடையது, செங் அவருடையது. லாம் என்றால் லின், செங் என்றால் ஜெங்.

எந்த எழுத்து என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் நேரில் கேட்டுவிடலாம். சீனர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு, அதனால் எழுத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். சென் என்பவர் ‘காதும் கிழக்கும்’ என்பார். அந்த எழுத்தின் இடப்பக்கம் காது உறுப்பு, வலப்பக்கம் கிழக்கு. லீ ‘மரமும் பிள்ளையும்’. லின் ‘இரட்டை மரம்’. வூ ‘வாயும் வானமும்’. வாங் ‘மூன்று கிடைக்கோடு’, ஹுவாங் ‘புல் தலை’. ஷு என்று அறிமுகம் செய்துகொண்டவரிடம் ‘சொல்லும் நண்பகலுமா, இரட்டை மனிதரா?’ என்று கேட்டால் இரண்டு ஷுக்களில் அவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். ஜாங் என்றால் ‘வில்லும் நீளமுமா, நிற்றலும் காலையுமா?’ வில் என்றால் பல கோடிப் பேருக்கு இருக்கும் ஜாங். காலை என்றால் அதைவிட அரிதான இன்னொரு ஜாங்.